அலமேலு என்று கூப்பிடாத வீடு

எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘அலமேலு’ என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். இந்தக் காலத்துக் குழந்தைகள் இல்லை. அவர்களுக்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். திரும்புகிறவர்கள் தலை நரைத்தவர்கள். அலர் என்றால் பூ. பூவின் மேல் வீற்றிருக்கும் மங்கை அலர்மேல்மங்கை. அது தேய்ந்து அலமேலு ஆனது. திருச்சானூர்த் தாயாரின் பெயர். தமிழ்க்காரர், தெலுங்குக்காரர் இருவருக்கும் அவள் பொது என்பதால், பெண் பிறந்தால் பெயருக்கென்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. குடிபாலாவில் பிறந்த என் அம்மாவுக்கும் அப்படித்தான் வைத்தார்கள்.

வம்பு என்னவென்றால், அவள் கார்வேட்டிநகரம் பக்கம் வாழ வந்த வீட்டில் மாமியாருக்கும் அதே பெயர். மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி வேலை ஏவுவது? “அலமேலு, சாணி அள்ளு” என்றால் அது யார் தலையில் விழும்? “இந்த வூட்டுக்கு ஒரு அலமேலு போதும்” என்று கல்யாணத்தன்றே முடிவு கட்டிவிட்டார்களாம். அன்றிலிருந்து அம்மா ‘புதுப்பொண்ணு’. நான் பள்ளிக்கூடம் போனபோதும் புதுப்பொண்ணு, எனக்குக் கல்யாணம் ஆனபோதும் புதுப்பொண்ணு. ரேஷன் கடையில் கார்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் அவள் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பாள். பக்கத்தில் இருப்பவர் இடிக்க வேண்டும்.

மாமியார் போன பிறகும் அந்தப் பெயர் அவளிடம் திரும்பி வரவில்லை. பெற்றவள் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிட நைனாவுக்கு நா எழவில்லை. அவருக்கு அவள் எப்போதும் ‘இந்தாமே’தான். அம்மா இதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை, சிரித்துவிட்டுப் போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் மாங்காய் பறிக்கிற சமயத்தில் அம்மா தோட்டத்திலேயே விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் திறக்காமல் கிடந்தாள். கூப்பிட்ட குரலுக்குக் கண் திறந்தால் நம்பிக்கை வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பார்க்க விடும் நேரத்தில் நர்ஸ் பெண் நைனாவிடம், “பேரு பெட்டி பிலவண்டி, கட்டிகா” என்றாள். பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட வேண்டுமாம்.

நைனா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு “இந்தாமே” என்றார். நர்ஸ் இல்லை என்று தலையசைத்து, “பேரு, பேரு” என்றாள்.

நைனா என்னைப் பார்த்தார். “அது எங்கம்மா பேரும்மா.”

“அவங்க போய் எத்தினி வருசமாச்சு? இங்க அம்மா போய்க்கினு கீறா. கூப்புடு நைனா.”

வார்டு முழுக்கக் கேட்கும்படி ‘அலமேலு’ என்றார். வாசலோரக் கட்டிலில் இருந்த கிழவி தலையைத் தூக்கினாள். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், “ஏமண்டி?” என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தாள். என் அம்மா மட்டும் அசையவில்லை.

நைனா விடவில்லை. அலமு என்றார். மேலு என்றார். மங்கா என்றார். அலமேலம்மா என்றுகூடக் கூப்பிட்டார். நானும் புதுப்பொண்ணே என்று கூப்பிட்டுப் பார்த்தேன், அம்மா அம்மா என்று கத்திப் பார்த்தேன். ஆயுசு முழுக்க வாயில் வராத பெயரை அவர் அப்படி மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்கக் கேட்க, இத்தனை வருடம் அவர் மேல் வைத்திருந்த கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரம் முடிந்துவிட்டது என்று எங்களை வெளியே அனுப்பினார்கள். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நைனா கேட்டார்: “சின்னப் புள்ளையில குடிபாலாவுல அவள இன்னான்னு சொல்லிக் கூப்புடுவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பெற்றவர்கள் இல்லை, கூடப் பிறந்த மாமனும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவள் உள்ளே கண் மூடிக் கிடந்தாள். மறுநாள் அவளும் போய்விட்டாள்.