மெடிக்கல் புக்கில் ஓர் இடம்

அரசிதழில் என் புதிய பெயர் வந்த பிறகு, ஆதார் முதல் பான் கார்டு வரை எல்லாவற்றிலும் நான் பெண்ணாகிவிட்டேன். பாக்கி இருந்தது எங்கள் குவார்ட்டர்ஸ் பீரோவுக்குள் கிடந்த மெடிக்கல் புக் ஒன்றுதான்.

அப்பா நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் தொழிலாளி. கம்பெனி ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம் பார்க்க, அவர் குடும்பத்தில் யார் யார் என்று அந்தப் புத்தகத்தில் போட்டோவோடு இருக்கும். மகன் வேலைக்குப் போகும் வயது வந்ததும் பெயரை அடித்துவிடுவார்கள்; மகள் கல்யாணம் ஆகும்வரை இருக்கலாம். என் பழைய பெயரை எப்போதோ அடித்தாகிவிட்டது. மகளாகச் சேர்க்க அப்பாதான் படிவம் எழுதித் தரவேண்டும். ஆஸ்பத்திரியில் காட்ட எனக்கு ஒரு நோயும் இல்லை. அவர் கையால் மகள் என்று எழுதவேண்டும், அதற்குத்தான் அத்தனை ஆசை.

படிவத்தை நானே வாங்கிவந்து கொடுத்தேன். அப்பா மடித்து டிபன் பைக்குள் வைத்தார். ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. பை ஷிப்டுக்குப் போனது, வந்தது. "குடுத்துட்டாராம்மா?" என்று அம்மாவை நச்சரிப்பேன்.

"அவரா சொல்லட்டும். தொணதொணக்காத."

அடையாளச் சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீஸில் கண்டவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன வாய் எனக்கு. அப்பாவிடம் மட்டும் கேட்க வரவில்லை.

ஓய்வு பெறுகிறவரைக் கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு வேனில் வீடுவரை கொண்டுவந்து விடுவது இங்கே வழக்கம். வாசலில் குடும்பத்தோடு நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். அதற்கு முதல்நாள் காலை, என் முகத்தைப் பார்க்காமல் அப்பா சொன்னார்: "நாளைக்கு அவங்க வர்றப்ப கொஞ்சம் உள்ளயே இருந்துடு."

கட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த புடவையை மறுபடி பீரோவில் வைத்தேன். வைத்த வேகத்தில் கதவு அதிர்ந்தது.

மறுநாள் மேளத்தோடு வேன் வந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"பையன் எங்கண்ணே?" என்றார் ஒருவர்.

"வெளியூர்ல இருக்கான்."

அப்பாதான் சொன்னார். பக்கத்தில் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் போனபின் மாலையைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்து அந்தப் படிவத்தை நீட்டினார். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. உள்ளே அவர் கையெழுத்தில் என் புதிய பெயர், அதன் பக்கத்தில் மகள். தேதி, நான் கொடுத்ததற்கு மறுநாள்.

"அப்பவே எழுதிட்டேன். பாரம் வாங்கற கவுன்ட்டர்ல இருக்கறவன் என்கூட வேலைக்குச் சேந்தவன். பையன் பொறந்திருக்கான்னு அவனுக்குத்தான் மொதல்ல சாக்லேட் குடுத்தேன். எத்தினியோ நாளு அங்க போய் நின்னுகினு இருந்தேன். நீட்டக் கை வரல."

எனக்கு அழுகைதான் வந்தது. அவரைத் திட்டவாவது செய்திருக்கலாம்.

வேலையில் இருப்பவர்களுக்கான படிவம் அது. இனி எங்கும் வாங்கமாட்டார்கள். அரசிதழ்ப் பிரதியோடு அதையும் ஒரே கவரில் வைத்திருக்கிறேன். தன் கையால் எழுதிய அந்தப் பெயரைச் சொல்லி அப்பா இதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை.