சோப்புக் கை என்று நான் சொன்னது

எங்கள் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்த பெண்மீது நான் பொய்ப்பழி போட்டேன். மீன் தொட்டிக்குள் சோப்புக் கையை விட்டு எல்லாவற்றையும் கொன்றுவிட்டாள் என்று மனைவியிடம் சொன்னேன். கொன்றது நான்.

தொட்டி என் மனைவியுடையது. மூட்டு வலியால் அவள் நாற்காலியோடு நாற்காலியாக ஆன பிறகு, கூடத்து ஜன்னலோரம் வாங்கி வைத்தது. இரண்டடி நீளம். உள்ளே நாடா போல நீண்ட புல், ஒரு மரத்துண்டு, நீலக் கோடு போட்ட சின்ன மீன்கள், அரிசியளவு சிவப்பு இறால்கள். மனைவியால் குனிய முடியாது. அதனால் தொட்டிக்குள் போன கை அந்தப் பெண்ணுடையது. பக்கத்திலிருக்கும் மர்பி டவுனிலிருந்து எட்டு மணிக்கு வருவாள். பாத்திரத்தைத் தொடுவதற்கு முன்பே தொட்டி வேலையை முடித்துவிடுவாள். முந்தின நாள் பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுவாள், கண்ணாடியில் படிந்த பாசியை ஸ்பாஞ்சால் துடைப்பாள். அதற்கு முன் முழங்கை வரை வெறும் தண்ணீரில் மூன்று தரம் கழுவிக்கொள்வாள்.

"கழுவிக் கழுவி ரேகையே அழிஞ்சிடும்மா. ஜோசியக்காரன் இன்னாத்தப் பாப்பான்?"

"உனக்கு இனிமே என்னடி ஜோசியம்?" என்று மனைவி சிரிப்பாள்.

இன்னொன்றும் செய்வாள். ஒன்பது மணிக்கு எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வரும் வெயில் நேரே தொட்டியில் விழும். அது படாமல் இருக்க என் பழைய வேட்டியை ஜன்னலில் கட்டிவிட்டுப் போவாள். வெயில் பட்டால் பாசி ஏறும் என்பது அவளே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது.

அவள் படியிறங்கியதும் நான் வேட்டியை அவிழ்த்துவிடுவேன். மனைவி குளிக்கும் நேரம் அது. வலிக்கிற முழங்காலோடு அவள் குளித்து வர முக்கால் மணி ஆகும். அந்த முக்கால் மணியும் எனக்கே உரியதாக இருந்தது. வெயில் தண்ணீருக்குள் இறங்கி, எதிர்ச் சுவரில் பொன் வலையாக விரிந்து ஆடும். காலண்டர், வெளிறிய கல்யாணப் படம், கடிகாரம் எல்லாம் அதற்குள் மூழ்கி மெல்ல அசையும். ஒரு மீன் திரும்பினால் சுவர் முழுக்க ஒரு நிழல் நீந்திப் போகும். கீழே காய்கறி விற்பவர் கன்னடத்தில் கூவுவது எங்கோ தண்ணீருக்கு மேலிருந்து கேட்பதுபோல இருக்கும். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஓர் ஆற்றின் அடியில் உட்கார்ந்திருப்பேன். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் எழுந்து வேட்டியைக் கட்டிவிடுவேன்.

முதலில் கண்ணாடி பச்சையானது. பிறகு இலைகளில் பச்சை மயிர் போல நூல் நூலாகப் பாசி சுற்றிக்கொண்டது. பெண்கள் இருவரும் தீனியைக் குறைத்தார்கள். தொட்டி விளக்கை எட்டு மணி நேரத்திலிருந்து ஆறாக்கினார்கள். எதற்கும் அது மசியவில்லை.

"இன்னா தப்பு பண்றோம்னே தெர்லியேம்மா."

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டிருக்கலாம். வெயிலை விடவும் மனமில்லை, அவிழ்த்ததை ஒப்புக்கொள்ளவும் வெட்கம். யாருக்கும் தெரியாமல் பாசி மருந்து வாங்கி வந்து, சீக்கிரம் போகட்டும் என்று இரட்டை அளவு ஊற்றினேன். நாற்பது வருடம் நீர்ப்பாசனத் துறையில் பொறியாளனாக இருந்தவன். தண்ணீரைப் படித்தவன். புட்டிமேல் இறாலுக்கு ஆகாது என்று எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மறுநாள் காலை இறால்கள் மணலில் வெளுத்துக் கிடந்தன. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்தப் பெண் பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் எல்லாம் செத்துவிட்டன. மனைவி என்னைப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்றாள்.

"நேத்து சோப்புக் கையை உள்ள விட்டா. நான் பார்த்தேன்."

அந்தப் பெண் அப்போது ஈரக் கையோடு அங்கேயே நின்றிருந்தாள். "சும்னே பொய் சொல்லாதீங்க சார். எப்பப் பாத்தீங்க?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். மனைவி அவளிடம், "நாளையிலேர்ந்து வராதேம்மா" என்றாள். அந்தப் பெண் ஜன்னலில் இருந்த வேட்டியை அவிழ்த்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் நான் கேட்டருகில் வரும்போது அவள் உள்ளே வந்துகொண்டிருந்தாள். எங்கள் கட்டடத்திலேயே இன்னும் இரண்டு வீடுகளில் அவளுக்கு வேலை இருந்தது. என் பொய் அங்கெல்லாம் பரவியிருந்தது.

வாட்ச்மேன் சிரித்தான். "இன்னா சோப்பு, கை கழுவிக்கினியா?"

"ஒரு வூட்ல ஏற்கெனவே நிறுத்திட்டாங்க. மீதி இருக்குறதுக்கும் ஒல வச்சிடாத" என்றாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

அன்றே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேட்டியை அவிழ்த்தது முதல். அவள் காலித் தொட்டியைப் பார்த்தாள். "பதினொரு வருஷம் அவ கையைப் பார்த்தவ நான். உங்க வாயை நம்பினேன் பாருங்க" என்றாள்.

மர்பி டவுனில் அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் நின்று, "நான்தாம்மா மருந்து ஊத்தினேன். உன்மேல பொய் சொன்னேன். மன்னிச்சிடு" என்றேன்.

"எனக்குத் தெரியும் சார், நான் பண்ணலன்னு. எங்கிட்ட வந்து சொல்றீங்க. இங்க யாருக்கு வேணும் அது? அங்க சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். போர்வெல் மோட்டார் பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன். கன்னடத்தில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். யாரோ, "மீனுக்கா சார் இவ்ளோ?" என்று சிரித்தார். நான் உட்காரவில்லை. "மீனுக்கு இல்லை" என்று முழுவதையும் மறுபடி சொன்னேன். பின்னால் நின்ற வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிறுத்திய வீட்டார் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மனைவி போன் செய்து அழைத்தபோது எங்கள் வீட்டுக்கு மட்டும் மறுத்துவிட்டாள். "உங்க மேல கோவம் இல்லம்மா. அந்தத் தொட்டில மட்டும் இனிமே கை வைக்க மாட்டேன்."

இப்போது கை வைப்பது நான். மூன்று தரம் கழுவுகிறேன். புல் மறுபடி தழைத்திருக்கிறது. நாலைந்து இறால்கள்கூட உண்டு.

போன வாரம் ஒரு காலை, சுவரில் வலை ஆடத் தொடங்கியிருந்தது. பழைய மயக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழே முற்றத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"அம்மா! மணி ஒம்பதாச்சு! ஜன்னல் துணி!"

என்னை அழைக்கவில்லை. அன்று அவள் வீட்டு வாசலில் பேசியதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசியதில்லை. எழுந்து வேட்டியைக் கட்டினேன். சுவர் வெறும் சுவரானது. மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து, "காபி குடிச்சிட்டுப் போயேண்டி" என்றாள்.

"வேலை கெடக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.