புதுத் தட்டைப் பழக்கிய கதை

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும் வரை அடுப்படியில் நிற்க மாட்டேன். அதனால் பாதி நாள் அடுப்பு முழுக்கப் பாலாகத்தான் இருக்கும். அண்ணன் எனக்கு நேர்மாறு. ஒரே ஒரு பிளாஸ்டிக் தட்டை ஒன்பது வருடம் எறிந்து பழக்கியவன் அவன்.

அமெரிக்காவில் வேலை பார்த்தபோது அவனுக்குப் பிடித்துப்போன விளையாட்டு அது. டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பந்தும் இல்லை, மட்டையும் இல்லை. சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னதாக, விளிம்பு கனத்த ஒரு தட்டை வீசித் தூரத்தில் இருக்கும் கூடையில் விழவைக்க வேண்டும். யார் குறைந்த வீச்சில் விழவைக்கிறாரோ அவர் கெட்டிக்காரர்.

போன வருடம் அவன் தென்காசிக்கே திரும்பி வந்துவிட்டான். தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற ஒரு நோய். வலது தோளில் ஆரம்பித்திருந்தது. அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஆக, ஐம்பது வயதுக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் மறுபடியும் ஒரே வீட்டில் சண்டை போட ஆரம்பித்தோம்.

வடகரையில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அங்கே ஒரு மரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஓலைக் கடகப்பெட்டி ஒன்றைக் கட்டினோம். அதுதான் கூடை. வாரத்துக்கு மூன்று நாள் நான் வண்டியில் கூட்டிக்கொண்டு போவேன். அண்ணன் எறிவான், நான் பொறுக்கி வருவேன். தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

"அண்ணாச்சி, தேங்காய எறிஞ்சாக்கூட உடைச்சுத் திங்கலாம். இத எறிஞ்சு என்ன செய்யுதிய?"

அண்ணன் சிரிப்பான். அந்தப் பழைய ஆரஞ்சுத் தட்டு விளிம்பெல்லாம் பல் பல்லாகக் கடிபட்டு, நிறம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் அவன் கையை லேசாக அசைத்தால் போதும், நேரே போய்ப் பெட்டியில் உட்காரும். அந்த நேரத்தில் அவனுக்கு நோய் இருப்பதே எனக்கு மறந்துவிடும். அவனுக்கும் அப்படித்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆனி மாதச் சாரலில் ஒருநாள் குற்றாலத்துக்குப் போனோம். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஆற்றோரம் நின்று எறிந்தான். மலையிலிருந்து இறங்கிய காற்று தட்டை ஒரு தூக்குத் தூக்கி ஆற்றில் போட்டது. தண்ணீர் செக்கச்செவேல் என்று போய்க்கொண்டிருந்தது. நான் கரையோரமாகவே ஓடிப் பார்த்தேன். தட்டு முங்கியது, அவ்வளவுதான்.

"போவட்டும், விடுட்டி" என்றான். அன்று ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டான்.

பார்சலில் புதிதாக மூன்று தட்டு வரவழைத்தோம். மஞ்சள், நீலம், வெள்ளை. தோப்பில் முதல் தட்டை எறிந்தான். பத்தடி போய், இடப்பக்கம் சரிந்து, வாய்க்காலில் படுத்துக்கொண்டது. மற்ற இரண்டும் அதே கதைதான்.

"புதுத் தட்டு அப்பிடித்தான் முரண்டு புடிக்கும். மரத்துல, கல்லுல அடிபட்டு விளிம்பு மெத்துனு ஆனாத்தான் நேராப் போவும். தெம்பு இருக்க கைன்னா முரட்டுத் தட்டையும் சமாளிக்கும். எனக்கு எங்க? மெதுவாத்தான் பழக்கணும். ஒரு வருசம் ஆவும்" என்றான்.

ஒரு வருடம். அதற்கு முந்தின வாரம்தான் திருநெல்வேலி டாக்டர், அண்ணனை எடை பார்க்க வெளியே அனுப்பிவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார். தை பிறக்கும்போது அந்தக் கையைத் தூக்க முடியாது என்று. அதற்கு மேலும் சிலது சொன்னார். அண்ணனிடம் நான் எதையுமே சொல்லவில்லை. எல்லாவற்றிலும் அவசரப்படுகிற எனக்கு அந்த ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

பழக்கணும் என்று சொன்னான் அல்லவா? எங்கள் வீட்டில் பழக்குவது தோசைக்கல்லைத்தான். எண்ணெய் தடவி, சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடியும் தடவ வேண்டும். மறுநாள் அவன் தூங்கும்போது மஞ்சள் தட்டுக்கு நல்லெண்ணெய் தடவினேன். அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்கிற அறிவு எனக்கு இருந்தது. அதனால் இட்லிக் கொப்பரையில் ஆவியில் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால், பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது.

அண்ணன் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தான். "எள்ளு வாசம் அடிக்கி" என்றவன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அடிபட்டால்தானே பழகும்? நான் அடித்தேன். நீலத் தட்டை மொட்டைமாடிச் சுவரில் விடிந்ததும் எறிந்தேன், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் எறிந்தேன். சிமெண்டுத் தரையில் போட்டு விளிம்பைத் தேய்த்தேன். என் தோள் வலித்தது. தட்டு கொஞ்சம்தான் மசிந்தது. அவன் கை அதைவிட வேகமாக இளகிக்கொண்டு வந்தது. ஐப்பசியில் காபி டம்ளருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

எதிர்வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கலவை மிஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"இதென்னக்கா, குடத்து மூடியா?" என்றார் கொத்தனார்.

"மூடின்னே வச்சுக்கோங்க. ஜல்லியோட போட்டுச் சுத்துங்க."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் சிமெண்டு இல்லாமல் வெறும் ஜல்லியோடு போட்டுச் சுற்றவிட்டார். தெருவே அதிர்ந்தது. வெளியே எடுத்தபோது தட்டு ஒன்பது வருடத்தை ஒரே மத்தியானத்தில் பார்த்துவிட்டு வந்தது போலிருந்தது. கழுவி, விளிம்பில் தூக்கலாக நின்ற பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்தேன்.

மறுநாள் தோப்பில் அண்ணன் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு எறிந்தான். தட்டு சரியவில்லை. நேராகப் போனது, மெதுவாகப் போனது, கடகப்பெட்டிக்குள் விழுந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன்.

அவன் மறுபடி எறியவில்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு வெட்டாக விரலை வைத்துத் தடவினான்.

"ஏட்டி, ஒரு வருசம் எறிஞ்சா அதுவாப் பழகியிருக்கும். நீ எதுக்கு இப்பிடிப் பறந்த?"

"எனக்கு எதுலதான் பொறுமை?"

"சும்மா சொல்லாத. டாக்டர் எதுவரைக்கும்னு சொன்னாரு?"

தலையை நிமிர்த்த முடியவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, "தை வரைக்கும்" என்றேன்.

"கையா, ஆளா?"

"கைதான்."

ஆளுக்கும் அவர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். என் முகத்தில் அதுவும் எழுதியிருந்திருக்க வேண்டும். அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. நீலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். பிறகு பையிலிருந்த வெள்ளைத் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"அப்பம் நாளைக்கே இதையும் மிஷின்ல போட்டுருட்டி."