நாலு சைட்டு சொன்ன திதி

அம்மா போய் ஒரு வருஷம் ஆன ஆடி மாதம். முதல் திதி. தேய்பிறை தசமி எந்தக் கிழமையில் வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நாள் தப்பினால் அடுத்த ஆடிவரை அம்மா பசியோடு இருப்பாள் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. என்னுடையதும் அதுதான்.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அப்போது ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது தானாகவே இன்டர்நெட்டில் பல இடங்களுக்குப் போய், பஸ் நேரம், மழை, பஞ்சாங்கம் என்று எடுத்து, ஒப்பிட்டு, ஒரே பக்கமாகத் தரும்.

"அஞ்சு சைட்டுல தேடிச்சி மாமா. நாலு செவ்வாக்கெழமன்னுது, ஒண்ணுதான் புதன். அதனால செவ்வான்னு முடிவு சொல்லிருக்கு."

எங்கள் சுவர்க் காலண்டரிலும் புதன்தான். நாலு பேர் சொல்லும்போது காலண்டர் எம்மாத்திரம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய் காலையில், திதிக்கு வந்திருந்த அவனும் நானும் கடலூரிலிருந்து திருவந்திபுரம் போனோம். கெடில ஆற்றங்கரையில் ஐயர் தர்ப்பையைக் கையில் எடுத்துவிட்டு, "அப்பா திதி எந்தப் பஞ்சாங்கத்துல பாப்பீங்க?" என்றார்.

"வாக்கியம்."

"அப்போ நாளைக்குத்தான். திருக்கணிதத்துலதான் இன்னிக்கி தசமி. அம்மாவுக்கு மட்டும் பஞ்சாங்கத்த மாத்தலாமா?"

நாலு சைட்டும் திருக்கணிதம், ஐந்தாவது வாக்கியம். இரண்டும் வெவ்வேறு கணக்கு என்பது புரோகிராமுக்குத் தெரியாது. எத்தனை பேர் சொன்னார்கள் என்று மட்டும் எண்ணியிருக்கிறது.

திரும்பி வந்தால் வீட்டில் வடை, பாயசம் எல்லாம் தயார். மனைவி தம்பியைப் பார்த்து, "நாளைக்கி ஒன் புரோகிராம வந்து உளுந்து அரைக்கச் சொல்லு" என்றாள்.

புதன்கிழமை திதி கொடுத்துவிட்டு வந்தோம். தம்பியே மதில்மேல் இலை வைத்துக் கா கா என்று கூப்பிட்டான். காக்கை வரவில்லை. உச்சிவேளையும் தாண்டியது. வெயிலிலேயே நின்றான்.

"உள்ள வாடா, அது வரும்" என்றாள் மனைவி.

"இரு அக்கா. அவுங்க சாப்புடட்டும்."

நின்றபடியே என்னைக் கேட்டான். "வீட்டுக்கு வீடு பஞ்சாங்கம் மாறுமா மாமா?"

"மாறும்."

"அப்போ புரோகிராம மொதல்ல அதக் கேக்க வச்சிடறேன். அப்புறம் நாள் சொல்லட்டும்."

அதற்குள் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து வடையைக் கொத்தியது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் மனைவி எங்களுக்கு இலை போட்டாள்.