குதிரை கிளப்புக்குக் குதிரை வந்த நாள்

ஓசூரில் எங்கள் கிளப்பைக் குதிரை கிளப் என்றுதான் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது அங்கே கேரம் பலகைகளும் ஷட்டில் கோர்ட்டும் ஒரு பழைய பில்லியர்ட்ஸ் மேசையும் இருந்தன, குதிரை இல்லை. சாமல்பட்டியிலிருந்து வந்து, கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். பெண்களையும் சேர்க்கலாம் என்று கிளப்பில் முடிவெடுத்த மாதமே உறுப்பினராகிவிட்டேன்.

முதல் ஞாயிறே தாமதம். செயலாளர் வாசலில் நிறுத்தினார். ஒரு தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏம்மா லேட்டு? குதிரைக்கு ஒடம்பு சரியில்லயா?”

நான் விழித்தேன்.

“ஆமான்னு சொல்லிட்டு உள்ள போம்மா. அதான் இங்க ரூல்ஸு.”

அன்றைக்கே அவரை உட்காரவைத்துக் கதை கேட்டேன். வெள்ளைக்காரர் காலத்தில் இது ஒரு குதிரைப்படை. முழுநேரச் சிப்பாய்கள் யாரும் இல்லை. பண்ணை வைத்திருந்த துரைகளும் அலுவலகத் துரைகளும் ஞாயிறுதோறும் சொந்தக் குதிரையில் வந்து கவாத்து பழகினார்கள். யுத்தம் வந்தபோது அரசாங்கம் குதிரைகளை மட்டும் கேட்டது. குதிரைகள் ரயிலேறிப் போயின. ஆட்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள்.

“குதிர இல்லாம என்னா பண்ணாங்க சார்?”

“எப்பவும் போல வந்தாங்க. பேசனாங்க, சீட்டாடனாங்க. படையக் கலைச்சாச்சுன்னு ஆர்டர் வந்துச்சு, அப்பவும் வந்தாங்க. வாசல்ல போர்ட மட்டும் மாத்தி எழுதிட்டாங்க.”

துரைகள் போனபின் வக்கீல்களும் மண்டிக்காரர்களும் வந்தார்கள். கம்பெனிகள் வந்ததும் எங்களைப் போன்றவர்கள். சாப்பாட்டு அறைக்கு இன்னமும் லாயம் என்றுதான் பெயர். தலைவரை கேப்டன் என்கிறோம். ஆண்டு விழாவில் கவாத்தும் உண்டு, நடந்தபடி.

இந்த வருட விழாவைப் பற்றிய கூட்டத்தில் நான் எழுந்து, “ஒரே ஒரு குதிரையாவது வேணும் சார்” என்றேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. யார் ஏறுவது என்று கேப்டன் கேட்டதும் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள். நான் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். “ஸ்கூட்டில ஸ்பீடு பிரேக்கர் வந்தாலே கண்ண மூடுதவ நீ” என்றார். ஆனால் கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்கு என்னைக் கூட்டிப்போனதும் அவர்தான். அங்கே கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர் இருந்தார். வெள்ளைப் பெண் குதிரை. அதன் கழுத்தில் கை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேலை முடிந்த மாலைகளில் அவரிடம் ஏறிப் பழகினேன்.

“நடின்னா நடக்கும், நிலுன்னா நிக்கும்” என்றார் குதிரைக்காரர்.

“தமிழ்ல சொன்னா நிக்காதாண்ணா?”

“இது நம்ம சைடு குதிரெ மேடம். கன்னடாதான் பரும்.”

விழாவன்று தலைப்பாகை கட்டி ஏறி உட்கார்ந்தேன். பின்னால் உறுப்பினர்கள் வரிசையாக நின்றார்கள். கேப்டன் கை காட்டினார், பேண்டு முழங்கியது. குதிரை முன்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆட ஆரம்பித்தது. பேண்டைக் கேட்டால் அதற்குக் கல்யாணம்தான் நினைவுக்கு வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூட்டம் விசிலடித்தது. நான் பிடரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மைதானத்தைச் சுற்ற வேண்டிய குதிரை, நேராக வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. “நிலு, நிலு” என்றேன். பேண்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கம்பெனி பஸ்கள் நின்றன, ஜன்னலெல்லாம் செல்போன். கேப்டன் நிற்கச் சொல்லாததால் மொத்த வரிசையும் பேண்டோடு பின்னாலேயே வந்தது. குதிரைக்காரர் பக்கத்தில் ஓடியபடி, “பயப்படாதீங்க, மண்டபம் வந்தா தானே நிக்கும்” என்று கத்தினார்.

சொன்னபடியே அடுத்த தெருக் கல்யாண மண்டபத்து வாழைமரத்தடியில் நின்றது. உள்ளே நிஜமாகவே கல்யாணம். ஆரத்தித் தட்டோடு ஒரு அம்மா ஓடிவந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாப்ள எங்க?”

“பின்னாடி வராரும்மா” என்றார் செயலாளர், முகம் மாறாமல்.

அவர் வாய் முகூர்த்தம், அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார், குதிரையைப் பார்த்தார், “நான் ஒரு தடவ ஏறிக்கலாமாங்க?” என்று கேட்டார். நான் இறங்கிக்கொடுத்தேன். பேண்டு மறுபடி முழங்க, மாப்பிள்ளையோடு அது தெருமுனை வரை ஆடிவிட்டு வந்தது. பெண் வீட்டார் எங்களை விடவில்லை. படை முழுக்கப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது.

கிளம்பும்போது குதிரைக்காரரிடம், இனி ஞாயிறுதோறும் வர முடியுமா என்று கேப்டன் கேட்டார்.

“சீசன்ல ஆகாது சார். ஆடி மாசம் கல்யாணம் இல்ல, சும்மாதான் நிக்குது. அப்ப பர்றேன்.”

ஆடி பிறந்ததும் சொன்னபடி வந்தார். இப்போது ஷட்டில் கோர்ட்டில் ஆள் இல்லை. எல்லாரும் மைதானத்து ஓரம் முறைக்காக நிற்கிறார்கள், என் வீட்டுக்காரர் உட்பட. போன ஞாயிறு பேண்டு இல்லாமல், குதிரைக்காரர் கையை எடுத்துவிட, நான் தனியாக அதை ஓட்டத்தில் விட்டேன். காற்று காதில் அடித்தது. நிலு என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.