பாட்டிலுக்குள் ஒரு துண்டு

போன செவ்வாய்க்கிழமை டவுன் பஸ்ஸில் ஒரு சின்ன பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஊறுகாயா?" என்றார்.

ஊறுகாயா! என் மனைவியின் கழுத்துக் கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு ஐயா அது. பழங்காநத்தம் டாக்டர் பாட்டிலில் போட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார். நம்மூரில் அப்படித்தானே… பேஷண்ட் வீட்டுக்காரர்தான் கூரியர்! "சாயங்காலத்துக்குள்ள கோரிப்பாளையம் லேப்புல சேத்துருங்க. புற்றா இல்லையான்னு அவங்க பாத்துச் சொல்லுவாங்க."

ஆனால், எனக்கு உதறல் எடுத்தது டாக்டரால் அல்ல. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளால். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். செல்லின் உட்கருவுக்குள் குரோமோசோம்கள் இரட்டிப்பாகுமாம். நடுவில் வரிசை கட்டி நிற்குமாம். பிறகு பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் விலக, ஒரு தாய்ச் செல் இரண்டு சேய்ச் செல்களாகிவிடும். அச்சு அசல் தாயைப் போலவே!

"நிக்கவே நிக்காதா?" என்றேன்.

"நிக்கணும்ப்பா. நிக்காமப் பிரிஞ்சுக்கிட்டே இருந்தா அதுதான் கேன்…" சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடிவிட்டாள்.

ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றது. நகரவே இல்லை. இரண்டு நாலாகும், நாலு எட்டாகும், எட்டு பதினாறு… பாட்டிலுக்குள் பெருகிக்கொண்டே இருக்குமோ? லேட்டாகப் போனால் இல்லாத புற்றும் வந்துவிடுமோ? இறங்கி ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் லேப்காரர் சிரித்துவிட்டார். "இதுக்கா இம்புட்டு ஓட்டம்? உள்ள இருக்கது ஃபார்மலின்ணே. அதுல போட்டதுமே செல்லு செத்துரும். ஒண்ணு ரெண்டாகவே ஆகாது."

அப்பாடா… அந்த நிம்மதி ஒரு நிமிஷம்தான். பாட்டிலில் இருப்பது நின்றுவிட்டது, சரி. அவள் கழுத்தில் மிச்சமிருப்பது?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி! லேப்காரரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எதிரே இருந்த பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன்.

"பயப்பட ஒண்ணுமில்ல… வெறும் கட்டிதான்!"

மனைவி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"இருங்க, பிள்ளைட்ட குடுக்குறேன். மொதல்ல அவட்ட சொல்லுங்க. தான் வாயத் தொறந்து அந்தப் பேரைச் சொன்னதாலதான் அம்மாவுக்கு வந்துருமோன்னு மூணு நாளா ஒங்களுக்குத் தெரியாம அழுதுக்கிட்டே கெடக்கா."