நானூற்றுப் பன்னிரண்டு காலடி

“முந்நூத்தித் தொண்ணூறு, முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு...” என்று வாய்விட்டு எண்ணியபடி மாசிபிசி முன்னால் நடக்கிறார். பின்னால் வருவது அன்றுதான் குடிவந்த ஒரு தம்பதி. மெத்தையைக்கூட இன்னும் மாடியேற்றவில்லை. பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு வந்ததும் மாசிபிசி நின்று, செருப்புக் காலால் தரையைத் தட்டிக் காட்டுகிறார்.

“நானூத்திப் பன்னண்டு. நெஞ்சுவலின்னாலும் சரி, பிரசவ வலின்னாலும் சரி, ஆம்புலன்ஸ் வந்து நிக்கிறது இங்கதான். நம்ம வாசலுக்கு வராது. தண்ணிக் குழாய் எங்க, குப்பை எங்க கொட்டணும், அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இத மனசுல ஏத்திக்கங்க.”

கெத்திவே என்பது அவர் சொந்தப் பெயர். பிறந்த வீட்டுப் பெயரோடு ‘மா’ சேர்த்துப் பெண்களை அழைப்பது ஜூலு வழக்கம்; சிபிசி குடும்பத்தில் பிறந்த பெண் என்பதால் தெருவுக்கே மாசிபிசி. ஐம்பத்தாறு வயது. நீலக் கட்டம் போட்ட வீட்டு அங்கி, ஆண்கள் போடும் கம்பளிக் காலுறை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. காலையில் கட்டடத்தின் கீழே எண்ணெய்ச் சட்டி வைத்து மக்வின்யா என்ற மாவு உருண்டைகள் பொரித்து விற்பார். வாங்குகிறவர் காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கைப்பேசி மார்புத் துணிக்குள். இரண்டு முறை பறிகொடுத்தவர் அவர். அதை மறைப்பதும் இல்லை. “இது கோயில் தெருன்னு நான் எப்பச் சொன்னேன்? திருடன் இருக்கான். எந்த ஊர்ல இல்ல?” என்பார்.

ஹில்புரோ என்ற பெயரைக் கேட்டாலே ஜோஹன்னஸ்பர்க்கில் பாதிப் பேர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். இந்தப் பக்கம் ஒருநாள்கூட வந்திராதவர்கள்தாம் இந்தத் தெருவைப் பற்றி விலாவாரியாகப் பேசுகிறார்கள். மாசிபிசியிடம் அந்தப் பருப்பு வேகாது. ஒன்பது வருஷமாக அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தின் ஈமச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். யாராவது இறந்தால் சங்கத்துப் பெண்கள்தாம் கூடாரம் போட்டு, அண்டா வைத்து, சொந்த ஊருக்குச் சவப்பெட்டி அனுப்புவார்கள். அதனால் யார் எதனால் செத்தார் என்பது அவருக்குத் தெரிகிற அளவுக்குச் செய்தித்தாளுக்குத் தெரியாது.

கேட்டால் விரல் மடக்குவார். “முப்பத்தோரு சாவு. கத்தி, துப்பாக்கி மூணு. அதுல ஒருத்தனக் குத்தினது அவன் மச்சான், வீட்டுக்குள்ளயே. டிசம்பர்ல ஊருக்குப் போறப்ப வண்டி கவுந்து நாலு. சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சுச் சளின்னு பத்தொன்பது.” அத்துடன் விரல்கள் நின்றுவிடும். பிறகு ஒரு கையை முழுசாக விரித்துக் காட்டுவார். “மீதி அஞ்சு பேரு. ஆம்புலன்ஸ் வரும் வரும்னு காத்திருந்தே போனவங்க.”

அவர் கணவர் போங்கானி அந்த ஐந்தில் ஒருவர்.

ஆம்புலன்ஸ்காரர்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் மாசிபிசியின் தெரு சிவப்பு, அதாவது ஆபத்துப் பகுதி. சிவப்புக்குள் போக வேண்டுமென்றால் போலீஸ் வண்டி துணைக்கு வர வேண்டும். அதுவரை பெட்ரோல் பங்கில் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். எவனோ ஒருவன் மேஜையில் உட்கார்ந்து பூசிய சாயம். இதற்குத் தெருவும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: ஆம்புலன்ஸ் உள்ளே வராவிட்டால் நோயாளி வெளியே போவது. பழைய அட்டை, பாட்டில் பொறுக்கும் மொகெட்சி தன் இழுவண்டியிலிருந்து மூட்டையைத் தெருவிலேயே கொட்டிவிட்டு, போர்வை விரித்து, ஆளை ஏற்றிப் பங்குவரை இழுத்துப் போவான்.

போங்கானிக்கு நெஞ்சு அடைத்த அன்று மதியமும் அப்படித்தான் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பங்கில் ஆம்புலன்ஸ் இல்லை. அன்றைக்கென்று பார்த்துப் போலீஸ் உடனே கிடைத்துவிட்டது. ஆம்புலன்ஸ் பின் தெரு வழியாகக் கட்டடத்துக்கே வந்து, வாசலில் யாரையும் காணாமல், பொய் அழைப்பு என்று எழுதிக்கொண்டு திரும்பிவிட்டது. காற்றுப் பிடிக்கும் குழாயின் பக்கத்தில், அட்டை வாடை அடிக்கும் வண்டியில், மனைவியின் கையைப் பிடித்தபடி போங்கானி செத்துப்போனார்.

“ஒன்பது வருஷத்துல ஒரே ஒரு தடவதான் தானா வாசலுக்கு வந்தானுங்க. அன்னிக்குப் பாத்து நாங்க வாசல்ல இல்ல.” இதைச் சொல்லும்போது மாசிபிசி அழுவதில்லை. மாவைப் பிசைந்துகொண்டிருந்தால், அந்த மாவு பாவம்.

அதற்குப் பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். யாருக்கு என்ன ஆனாலும் பங்கில் ஓர் ஆள் நிற்க வேண்டும், வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். மாசிபிசி சொல்லாமல் இழுவண்டி நகரக் கூடாது. பங்கில் நிற்கும் ஆள் எப்போதும் அவர்தான்.

போன ஜூலையில், அந்த ஊரின் பல் கிட்டிக்கும் குளிர்காலத்தில், ஆறாம் மாடி ருடென்டோவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. ஜிம்பாப்வேயிலிருந்து வந்த பெண், முடி பின்னும் வேலை, இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. அவசர எண்ணில் பேசிய குரல், “அசைக்காதீங்க, படுத்தபடியே இருக்கட்டும், வண்டி வருது” என்றது. லிஃப்ட் செத்து ஏழு வருஷமாகிறது. மாசிபிசி சட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பங்குக்கு ஓடினார்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஓட்டுநர் செலோ, ஆள் கதவு உயரம், முகம் மட்டும் பள்ளிக்கூடப் பையன். கண்ணாடியை நான்கு விரல் இறக்கினான்.

“பேஷண்ட் எங்கம்மா?”

“ஆறாவது மாடியில. அசைக்கக் கூடாதுன்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. உள்ள வா.”

“போலீஸ் வரணும்மா. இது ரெட்.”

“எவ்வளவு நேரம்?”

“அது அவங்க கையில இருக்கு.”

“பொண்ணு ரத்தம் யாரு கையிலப்பா இருக்கு?”

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். “எங்க ஆள் ஒருத்தனப் போன வருஷம் கத்தி வச்சு மிரட்டினானுங்க. எனக்கும் வீட்ல புள்ளைங்க இருக்கு.”

“எங்க வச்சு மிரட்டினான்? இந்தத் தெருவிலயா?”

“இல்ல. வடக்கால, அந்தப் பெரிய மால் இருக்குல்ல, அதோட வாசல்ல.”

“அங்க செவப்பு அடிச்சாங்களா?”

அவன் வயர்லெஸ்ஸை எடுத்தான்.

“மாலுக்கு அடிக்கல. என் வீட்டுக்கு அடிச்சிருக்கு. என் புருஷன் இந்த எடத்துல செத்தாரு, இந்தா, நீ டயர் வச்சிருக்க பாரு, இதே எடத்துல. அவரக் கத்தியா கொன்னுச்சு? உங்க படம் கொன்னுச்சு. கதவத் தொற. நான் முன்னால உக்காருறேன். எவனாவது வந்தா மொதல்ல என்னக் குத்தட்டும்.”

பின்னாலிருந்து, அதுவரை பேசாமலிருந்த மருத்துவ உதவியாளர்ப் பெண் சொன்னாள். “ஓட்டு செலோ. எழுதிக் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

நானூற்றுப் பன்னிரண்டு காலடி தூரத்தை வண்டி ஒரு நிமிஷத்தில் கடந்தது. வாழைப்பழம் விற்பவர்கள் கூடையை இழுத்து வழிவிட்டார்கள். தூக்குப்படுக்கையை ஆறு மாடி ஏற்றி இறக்க எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவன் மாசிபிசியின் முதல் கைப்பேசியைப் பறித்தவன் என்று தெருவுக்கே தெரியும். இறக்குகிறபோது தலைப்பக்கம் பிடித்தது அவன்தான். போலீஸ் வண்டி வந்தபோது ருடென்டோ அறுவைச் சிகிச்சை அறைக்குள் போய்விட்டாள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

இதற்குப் பிறகு எல்லாம் மாறியது என்று எழுதத்தான் ஆசை. வரைபடத்தில் சிவப்பு அப்படியே இருக்கிறது. புதிதாக யார் குடிவந்தாலும் மாசிபிசி இன்னும் பங்குவரை எண்ணிக்கொண்டுதான் நடக்கிறார்.

ருடென்டோவுக்குக் குழந்தை பிறந்து மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மாசிபிசி அடுப்பில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தபோது மார்புக்குள் கைப்பேசி அடித்தது.

“அம்மா, நான் செலோ. இன்னிக்கு லீவு. குழந்தைய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வாப்பா. வீடு தெரியும்ல?”

“தெரியும்மா. பங்குல நிக்கிறேன். கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

மாசிபிசி அடுப்பை அணைத்தார். படியிறங்கும்போது அவர் சொன்னவற்றைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

காற்றுப் பிடிக்கும் குழாயருகே ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றிருந்தது. கண்ணாடி நான்கும் ஏற்றியிருக்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே செலோ, மடியில் குழந்தைக்கு ரோஜா நிறப் போர்வைப் பொட்டலம். மாசிபிசி கண்ணாடியைத் தட்டினார். அது நான்கு விரல் இறங்கியது.

“சாவி” என்று கையை நீட்டினார்.

“நான் ஓட்டிட்டு வரேம்மா, நீங்க முன்னால...”

“சாவி.”

எஞ்சின் நின்றது. சாவி கைக்கு வந்தது. அவன் பொட்டலத்தோடு இறங்கும்வரை காத்திருந்து, காரைப் பூட்டி, கதவை இழுத்துப் பார்த்து, சாவியை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, அவன் வருகிறானா என்றுகூடப் பார்க்காமல், உரக்க எண்ணிக்கொண்டு நடந்தார்.

“ஒண்ணு. ரெண்டு.”